தேக்குத் தூணுக்கு முன்னால் ஒரு முகம்: போர்ட்ரெய்ட்டில் சொந்தப் பாணி பழக

வார இறுதியில் செட்டிநாட்டுக் காரைக்குடியில் கேமராப் பையோடு இறங்குகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்தில் கானாடுகாத்தான் போகிறார்கள், ஆத்தங்குடி போகிறார்கள், பெரிய செட்டியார் வீடுகளுக்குள் எடுக்கிறார்கள், திரும்பும்போது பெரும்பாலும் ஒரே படத்தோடு திரும்புகிறார்கள். இரண்டு பக்கமும் கடைசல் தூண், பின்னால் சித்திர வேலை செய்த நிலைக்கதவு, கீழே பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த சிமென்ட் டைல்), நடுவில் கண்டாங்கிச் சேலை கட்டிய ஒரு பெண். முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெயரை மறைத்துவிட்டு நான்கு பேருடைய படங்களைக் கலந்து வைத்தால், எடுத்தவருக்கே தன்னுடையது எது என்று தெரியாது.

அந்தப் படத்தை எடுத்தது வீடு. பர்மாத் தேக்கும் இத்தாலி மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் பார்க்கிறவர் அசந்து நிற்க வேண்டும் என்றே கொண்டுவந்து வைத்தவை. அவற்றுக்கு முன்னால் யாரைச் சும்மா நிறுத்தினாலும் ஆள் கொலுப் பொம்மை ஆகிவிடுவார். அதனால் செட்டிநாட்டில் போர்ட்ரெய்ட், அதாவது ஆளைப் படமெடுக்கப் பழகுகிறவருக்கு முதல் போட்டியே இந்த வீடுகள்தான். வீட்டுக்கு எவ்வளவு இடம், ஆளுக்கு எவ்வளவு இடம் என்று நீங்களாக முடிவெடுக்க ஆரம்பித்துவிட்டால், பாணி என்று நீங்கள் தேடுவது பாதி வந்த மாதிரி.

பாணி என்றதும் பலருக்கு எடிட்டிங் நினைவுக்கு வருகிறது. அது கடைசியில் வருவது. எவ்வளவு கிட்டப் போகிறீர்கள், எந்த வெளிச்சத்தில் உட்கார வைக்கிறீர்கள், கண் எங்கே பார்க்கிறது, கை என்ன செய்கிறது, எந்த நொடியில் பட்டனை அமுக்குகிறீர்கள் என்பதெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிறது. இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சில முடிவுகள் உங்களிடம் நிலைத்துவிடும். அப்படி நிலைக்க வைக்க ஒரு வரிசை இருக்கிறது. புதிதாக வந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

1. முதலில் சுவரைப் பாருங்கள்

கேமராவை எடுப்பதற்கு முன்னால் பழைய படங்களைப் பாருங்கள். நகரத்தார் (செட்டியார்) வீட்டுப் பட்டாலை என்கிற கூடத்திலும், வளவு என்கிற முற்றப் பகுதியின் சுவரிலும், கூரைக்குச் சற்றுக் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டிய குடும்பப் படங்கள் வரிசையாக இருக்கும். சிலது கறுப்பு வெள்ளை. சிலதில் புடவைக்கும் நகைக்கும் கையால் வர்ணம் தீட்டியிருப்பார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்கள் அங்கங்கே எடுத்து அனுப்பிய படங்களும் கலந்திருக்கும். ஒட்டிய அட்டையின் கீழே ஸ்டுடியோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் போக வாய்ப்பு இல்லையென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குக்கும் மரப்பெட்டிக்கும் நடுவே யாருடைய தாத்தாவோ, யாருடைய அப்பத்தாவோ சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பார்கள். விற்பனைக்கு வந்த குடும்பப் படத்தைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் இவ்வளவு பழைய போர்ட்ரெய்ட்களை ஒரே தெருவில் கையில் எடுத்துப் பார்க்க வேறு இடம் எளிதில் கிடைக்காது. ஊரில் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இணையதளத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

பார்க்கும்போது ஒரு நோட்டில் மூன்றே விஷயம் எழுதுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? கை எங்கே இருக்கிறது? கண் எங்கே பார்க்கிறது? பத்துப் பதினைந்து படத்துக்கு எழுதினால் அந்தக் காலத்து ஆட்களின் இலக்கணம் பிடிபடும். கை இரண்டும் முழங்காலில், விரல் விரிந்து, மோதிரம் தெரிய. பாதம் ஃபிரேமுக்குள். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதில் பூச்சாடி அல்லது புத்தகம். இதில் எது உங்களுக்குப் பிடிக்கிறது, எது எரிச்சலாக இருக்கிறது என்பதையும் எழுதிவையுங்கள். எரிச்சலும் முக்கியம். விறைப்பான உட்காரல் பிடிக்கவில்லை என்றால் நீங்கள் போகப்போகும் பக்கம் எது என்று அப்போதே கொஞ்சம் தெரிந்துவிடும்.

2. ஒரு லென்ஸ், ஒரு தூரம்

ஒரு மாதத்துக்கு ஒரே லென்ஸ். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா என்றால் 50 மிமீ, ஏபிஎஸ்-சி (அதைவிடச் சின்ன சென்சார்) என்றால் 35 மிமீ. போன்தான் இருக்கிறது என்றால் 2எக்ஸ் வைத்துக்கொண்டு வேறு எதையும் தொடாதீர்கள். ஜூம் லென்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

காரணம் எளிது. முகத்தின் வடிவத்தை மாற்றுவது லென்ஸைவிட, நீங்கள் நிற்கும் தூரம். ஒன்றரை அடியில் நின்றால் மூக்கு பெரிதாகும், காது பின்னால் போகும். ஐந்தாறு அடியில் முகம் நேரில் பார்ப்பதுபோல் இருக்கும். பத்தடிக்கு மேல் போனால் முகம் கொஞ்சம் தட்டையாகும், பேச்சும் கத்திப் பேச வேண்டியதாகிவிடும். ஜூம் கையில் இருந்தால் கால் நகராது. தூரம் தற்செயலாக அமையும். ஒரே லென்ஸ் என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் நடந்தே ஆக வேண்டும். சிலர் தன்னையறியாமல் நாலடிக்குப் போய்விடுவார்கள், சிலருக்கு எட்டடியில்தான் கை நடுங்காமல் இருக்கும். அந்த இயல்பான தூரத்தைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஒரு மாதம்.

3. வளவு வெளிச்சம்

இங்கேதான் செட்டிநாடு உங்களுக்கு வாரிக் கொடுக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

பெரிய வீட்டின் நடுவே வானத்துக்குத் திறந்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதன் பின்னால் வரிசையாக அறைகள். இந்த வளவுதான் உங்கள் ஸ்டுடியோ. ஆனால் தாழ்வாரத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மூன்று இடத்துக்கு மூன்று வெளிச்சம்.

தூணை ஒட்டி, முற்றத்தின் விளிம்பில் ஒருவரை நிறுத்துங்கள். வானம் அவருடைய தலைக்கு மேலேயே இருக்கிறது. நெற்றியும் மூக்கு நுனியும் பளிச்சென்று இருக்கும், கண்குழி இருட்டாகும். அவரையே இரண்டு எட்டுப் பின்னால், தாழ்வாரத்தின் நடுவுக்கு வரச் சொல்லுங்கள். இப்போது ஓட்டுச் சாய்ப்பு மேல் வானத்தை மறைத்துவிடும்; எதிர்ப்பக்கக் கூரைக்கு மேலே தெரியும் வானம் மட்டும் சாய்வாக முகத்தில் விழும். கண்ணுக்குள் வெளிச்சம் வரும், கருவிழியில் சதுரமாக ஒரு புள்ளி மின்னும். இன்னும் பின்னால், அறை வாசலில் நிறுத்தினால் வெளிச்சம் குறையும். கிட்டத்தட்ட நேராக முகத்துக்கு வரும். பின்னால் அறை கறுப்பாக விழும். முகம் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். ஒரே ஆளை இந்த மூன்று இடத்திலும் நிறுத்தி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது உங்களுக்கு உரியது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்து, எந்தப் பக்கத் தாழ்வாரம்? மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும். அதனால் முற்றத்தின் வடக்குத் தாழ்வாரத்தில் நேர் வெயில் விழும், தெற்குத் தாழ்வாரம் நாள் முழுக்க நிழல். தெற்குப் பக்கத்தில் ஆளை வடக்கு பார்த்து உட்கார வைத்தால் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை மெத்தென்ற வெளிச்சம் கிடைக்கும். சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் நண்பகலில் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். வெயில் முற்றத்துத் தரையில் விழுந்து கீழேயிருந்து எழும்பி முகத்தில் அடிக்கும். நாடிக்குக் கீழே வெளிச்சம், புருவத்துக்கு மேலே நிழல். சாதாரண ஆளும் நாடகத்து ராஜா மாதிரி தெரிவார். சிலர் அதையே விரும்பி எடுக்கிறார்கள். எனக்குப் பிடிப்பதில்லை. அந்த நேரத்தில் நான் சாப்பிடப் போய்விடுவேன்.

செட்டிங் பெரிய வித்தை இல்லை. தாழ்வாரத்தின் நடுவில் எஃப் 2.8 (லென்ஸின் திறப்பு), ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று ஆரம்பியுங்கள். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 800க்கு ஏற்றுங்கள். வயதானவர்கள் பேசும்போது தலை ஆடும், அதனால் ஷட்டரை 1/125க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம்.

4. தரை, சுவர், தோல்

ஆத்தங்குடிக் கல் சும்மா கிடக்காது. சிவப்புப் பூப்போட்ட தரையில் வெயில் பட்டால் நாடியும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். பச்சைக் கல் என்றால் காய்ச்சல்காரர் முகம். தீர்வு, ஒரு வெள்ளை எட்டு முழ வேட்டி. ஃபிரேமுக்கு வெளியே, ஆளின் காலுக்கு முன்னால் தரையில் விரித்துவிடுங்கள். கலர் போய்விடும், கூடவே கண்ணுக்குக் கீழே உள்ள நிழலும் தணியும். கடையில் விற்கும் ரிஃப்ளெக்டரைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட இது நல்லது. வேட்டியைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள்.

பழைய சுவர்களில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இருக்கும். தொட்டால் கண்ணாடி மாதிரி வழுக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் ஆளை உட்கார வைத்தால் அந்தச் சுவரே வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் அதே சுவர் ஆளுக்குப் பின்னால் இருந்தால் கேமரா ஏமாறும். ஃபிரேமில் வெள்ளை அதிகம் என்று எண்ணி எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) குறைக்கும், முகம் கரிந்துபோகும். ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குங்கள். பின்னால் தேக்குக் கதவு நிறைந்திருந்தால் நேர்மாறு. முக்கால் ஸ்டாப் குறையுங்கள்.

தோல் நிறம் பற்றி என் கருத்து கறார்தான். நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் மாநிறம், கறுப்பு. கல்யாண ஆல்பங்களில் எல்லாரையும் வெளுக்க வைத்து, கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஆக்கிவிடுகிறார்கள். கறுப்புத் தோலில் வெளிச்சம் மினுங்கும் விதமே தனி. கன்னத்து எலும்பில், நெற்றி ஓரத்தில், மூக்குத்தண்டில் சின்னச் சின்னப் பளபளப்பாக விழும். அதைக் காப்பாற்ற முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷர் வையுங்கள், பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை. இந்த ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தாலே உங்கள் படம் ஊரில் மற்றவர்கள் எடுக்கும் படத்திலிருந்து தனியாகத் தெரியும்.

5. யாரை எடுப்பது, எப்படிக் கேட்பது

பட்டுக் கட்டிய ஆச்சிகள் மட்டும் செட்டிநாடு இல்லை. ஓடு மாற்றுகிற கொத்தனார், கண்டாங்கி நெய்கிறவர், பனையோலையில் கொட்டான் முடைகிற அக்கா, கல்யாண வீட்டுச் சமையல்காரர், மாட்டுப்பொங்கல் முடிந்ததும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் காளை கொண்டுபோகிற அண்ணன், பூட்டிய வீட்டைப் பல வருடமாகக் கூட்டிப் பெருக்கிக் காவல் இருக்கிற பெரியவர். இவர்களில் யாரிடம் உங்களுக்குத் தன்னால் பேச்சு வருகிறதோ அங்கே ஆரம்பியுங்கள்.

வீட்டுக்குள் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய வீடுகள் பல ஒரே ஆளுக்குச் சொந்தமில்லை. பங்காளிகளுக்குப் பொது; ஆளுக்கு ஓர் அறை, ஒரு பங்கு. வாட்ச்மேன் சரி என்று சொன்னது அனுமதி ஆகாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போனில் பேசிவிடுங்கள். ஹோட்டலாக மாறிய வீடுகளில் ஷூட்டிங்குக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கோயிலுக்குள் படம் எடுக்கத் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் அப்பா அம்மாவைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

ஆளிடம் கேட்கும்போது கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். முதலில் உட்காருங்கள், கொடுக்கும் தண்ணீரைக் குடியுங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஆச்சி, உங்கள ஒரு படம் எடுத்துக்கவா?”

“என்னத்துக்குப்பா, இந்தக் கிழவியப் போயி? மருமக வருவா, அவள எடு.”

“அவுகளையும் எடுப்போம். மத்தியானம் நீங்க எங்கன உக்காருவீக?”

“நான் எங்க உக்காருவேன், இந்தா, இந்தத் தூணுக்கிட்டத்தான். காத்து வரும்.”

அந்தக் கடைசிக் கேள்விதான் சாவி. எங்கே நிற்கட்டும், எப்படி நிற்கட்டும் என்ற பதற்றம் அவருக்குப் போய்விடும். தினமும் உட்காரும் இடத்தில் உடம்பு தானாகவே ஒரு வடிவத்துக்கு வந்துவிடும்; அதை எந்தப் போஸும் தராது. படத்தை எங்கே போடப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நெட்டில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அப்புறம், பிரிண்ட் கொடுக்கிறேன் என்று சொன்னால் கொடுங்கள். படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை என்ற பேச்சு இந்த ஊர்களில் நிறைய உண்டு. இரண்டாவது முறை கையில் பிரிண்டோடு போகிறவருக்குக் கிடைக்கும் முகம் வேறு.

6. உட்கார்ந்த பிறகு

சிரிங்க என்று சொல்லாதீர்கள். ரிலாக்ஸா இருங்க என்று சொன்னால் இன்னும் விறைத்துவிடுவார்கள். கைக்கு வேலை கொடுங்கள். முகம் தானாக இளகும். வெற்றிலை மடிக்கலாம், பூக் கட்டலாம், கண்ணாடியைத் துடைக்கலாம்.

வேலை செய்கிறவர் என்றால் வேலையின் நடுவில் ஒரு நொடி இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள். ஆத்தங்குடியில் கல் போடுகிறவரைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார். அதுவரை பக்கத்திலிருப்பவரோடு பேசிக்கொண்டேதான் இருப்பார். பிறகு அச்சை இரண்டு கையாலும் நேராக மேலே தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பும் மஞ்சளும் கலந்துவிடும். அப்போது பேச்சு நிற்கும், உதடு இறுகும், மூச்சு நிற்கும். தூக்கி முடித்ததும் மூச்சை விட்டுவிட்டு உலர்ந்த சிமென்ட் கலவையைத் தூவ ஆரம்பிப்பார். முகம் பழையபடி ஆகிவிடும். எல்லாரும் கலர் ஊற்றும் கையைத்தான் எடுக்கிறார்கள். அச்சு தூக்கும் நொடியில் முகத்தை எடுத்துப் பாருங்கள். சமையல்காரருக்கு உப்புப் பார்க்கும் நொடி, நெசவாளருக்கு அறுந்த இழையை முடிச்சிடும் நொடி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒன்று இருக்கும். முதலில் கேமரா இல்லாமல் நான்கைந்து சுற்று பார்த்தால்தான் அது எங்கே வருகிறது என்று தெரியும்.

ஆளை அசையாமல் உட்கார வைத்து எடுப்பது உங்கள் வழி என்றால் கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஃபோகஸைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். அமெரிக்கப் போட்டோகிராபர் ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அந்நாட்டின் மேற்குப் பகுதியில் சுரங்கத் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் இப்படித்தான் எடுத்தார். வெள்ளைத் தாளுக்கு முன்னால், நிழலில், பெரிய கேமராவின் பக்கத்தில் நின்றுகொண்டு. எடுக்கப்படுகிறவர் லென்ஸைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு மனுஷனைப் பார்ப்பார்.

7. வீட்டுக்கு எவ்வளவு இடம்?

இப்போது பயிற்சி. ஒரே ஆளை, ஒரே நாளில், மூன்று விதமாக எடுங்கள்.

முதலாவது, வீட்டை முழுக்க வெளியே தள்ளுங்கள். ஒரு வெள்ளை வேட்டியையோ சாம்பல் போர்வையையோ கொடியில் தொங்கவிட்டு அதற்கு முன்னால் எடுங்கள். அவெடான் செய்தது இதுதான். ஆளின் உடையும் கையும் சுருக்கமும் மட்டும் பேசும்.

இரண்டாவது, வீட்டை நெருக்கிக் கொண்டுவாருங்கள். இன்னொரு அமெரிக்கப் போட்டோகிராபர் இர்விங் பென் 1948இல் நியூயார்க் ஸ்டுடியோவில் இரண்டு பலகைத் தட்டிகளைக் குறுகிய மூலையாகச் சேர்த்து, பிரபலங்களை அந்த இடுக்குக்குள் நிற்க வைத்தார். சிலர் சாய்ந்தார்கள், சிலர் சுவரைத் தள்ளினார்கள். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு மாதிரி பேசியது. நமக்குத் தட்டி வேண்டாம். திண்ணை மூலை இருக்கிறது, மாடிப்படிக்குக் கீழே இடுக்கு இருக்கிறது, இரட்டைக் கதவில் ஒன்றைச் சாத்தினால் வருகிற சந்து இருக்கிறது.

மூன்றாவது, வீட்டை முழு பலத்தோடு விடுங்கள், ஆனால் ஆளும் அதற்கு ஈடு கொடுக்கட்டும். மாலி நாட்டில் பமாகோ ஊரில் 1948இல் ஸ்டுடியோ திறந்த சேடு கெய்டா, பின்திரைக்குத் தன் படுக்கை விரிப்பையே தொங்கவிட்டார். பூப்போட்ட விரிப்பு, அதற்கு முன்னால் பூப்போட்ட உடையில் பெண்கள். குழம்பிப் போகும் என்றுதான் தோன்றும், ஆனால் முகம் கம்பீரமாக மேலே நிற்கும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் கட்டம்போட்ட கண்டாங்கிக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆளைக் கிட்டக் கொண்டுவந்து, தலை ஃபிரேமின் மேல்பாதியை ஆளும்படி வைத்தால் டிசைன் எவ்வளவு கத்தினாலும் தாங்கும். ஒரே எச்சரிக்கை, தலைக்கு மேலே தூண் முளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய ஆட்களைக் காப்பியடிக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஒரு வாரம் ஒருவரை அப்படியே செய்யுங்கள், செய்கிறேன் என்று தெரிந்தே செய்யுங்கள், அதை உங்கள் வேலை என்று போடாதீர்கள். உங்களால் சரியாகக் காப்பியடிக்க முடியாத இடம் ஒன்று வரும். அவெடான் மாதிரி கடுமையாக நிற்க உங்களுக்கு வராமல், ஒவ்வொரு படத்திலும் ஆள் உங்களைப் பார்த்து லேசாக இளகியிருக்கலாம். அதைத் திருத்தாதீர்கள், குறித்துவையுங்கள்.

8. பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள்

இரண்டு மூன்று மாதம் ஆனதும் ஐம்பது அறுபது படங்களை மேக்ஸி சைஸில் (நாலுக்கு ஆறு அங்குலம்) பிரிண்ட் போடுங்கள். பெரிய செலவு இல்லை. தரையில் பரப்பிவிட்டு நின்றபடி பாருங்கள்.

நல்ல படம் எது என்று தேட வேண்டாம். திரும்பத் திரும்ப வருவது எது என்று தேடுங்கள். ஒரே தூரத்தில் எடுத்தவை ஒரு குவியல். முகம் இடப்பக்கம் திரும்பியவை ஒன்று. கை தெரிபவை ஒன்று. ஆள் கேமராவைப் பார்ப்பவை, பார்க்காதவை. ஏதாவது ஒரு குவியல் மற்றதைவிட எக்கச்சக்கமாக உயரும். நீங்கள் நினைத்தே பார்த்திராத ஒன்றாகக்கூட அது இருக்கலாம். எல்லாரும் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் தலை சாய்த்திருக்கலாம். எல்லாப் படத்திலும் கீழ்பாதி இருட்டாக இருக்கலாம்.

பிறகு இன்னொரு முறை சலித்தெடுங்கள். படத்திலிருந்து ஆளை விரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் படம் அழகாகவே இருக்கிறது என்றால் அது வீட்டுப் படம். எடுத்து ஓரமாக வையுங்கள், வருத்தப்படாதீர்கள்; வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள்.

மிஞ்சியதை ஒரு நண்பரின் படங்களோடு கலந்து, மூன்றாவது ஆள் ஒருவரிடம் பிரிக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சரியாகப் பிரித்துவிட்டார் என்றால் எதை வைத்துப் பிரித்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் சாதாரண வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதம் அதை வேண்டுமென்றே கூட்டிச் செய்ய வேண்டும்.

9. கலர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரா ஃபைலில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பில்) எடுங்கள். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, ஆட்டோவில் விடாமல் 5500 கெல்வின் பக்கம் நிறுத்திவையுங்கள். நாள் முழுக்க எடுத்த படங்கள் ஒரே குடும்பமாக இருக்கும். காசு கொடுத்து வாங்கும் பிரீசெட்கள் (முன்பே அமைத்துவைத்த எடிட்டிங் அமைப்புகள்) நிழலை நீலப்பச்சையாகவும் தோலை ஆரஞ்சாகவும் ஆக்கும். கண்டாங்கியின் அரக்கும் மஞ்சளும் அதில் செத்துவிடும். உங்களுக்கு நான்கைந்து ஸ்லைடர் மாற்றம் போதும். அதை எழுதிவைத்து எல்லாப் படத்துக்கும் அதையே போடுங்கள். கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் எடுக்கும்போதே கேமராத் திரையை அப்படி வைத்துக்கொண்டு எடுங்கள். கலரில் சரியாக வராததைக் காப்பாற்றக் கறுப்பு வெள்ளைக்குப் போவது பார்த்தாலே தெரிந்துவிடும்.

10. காசு வாங்கும் வேலையில்

கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), புதுமனை என்று கூப்பிடுவார்கள். அங்கே அவர்கள் கேட்பதை எடுத்துக்கொடுங்கள். வரிசையாக நிற்கும் குடும்பப் படம் இல்லாமல் யாரும் பணம் தர மாட்டார்கள். ஆனால் பேசும்போதே பத்து நிமிடம் உங்களுக்கென்று கேட்டு வாங்கிவிடுங்கள். பொண்ணுக்குக் கழுத்துரு (நகரத்தார் கல்யாணத் தாலி) பூட்டிய பிறகு, பந்திக்குப் போவதற்கு முன்னால், இரண்டாங்கட்டு (வீட்டின் உள்பக்க இரண்டாவது முற்றம்) தாழ்வாரத்தில் பொண்ணும் அப்பத்தாவும் மட்டும். உங்கள் லென்ஸ், உங்கள் தூரம், உங்கள் வெளிச்சம். முதல் ஒன்றிரண்டு கல்யாணத்தில் அந்தப் படங்களை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இலவசமாகச் சேர்த்துக் கொடுங்கள். சொந்தக்காரர்கள் ஆல்பத்தைப் புரட்டும்போது எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள்.

போர்ட்ஃபோலியோ (உங்கள் வேலையைக் காட்டும் தொகுப்பு) என்று வைப்பதற்குப் பதினைந்து படம் போதும். கல்யாண மேடைப் படம் ஒன்றுகூட அதில் வேண்டாம். அதில் என்ன வைக்கிறீர்களோ அந்த வேலைதான் தேடி வரும். வேலை கேட்டுப் போகும்போது போனைக் காட்டாதீர்கள், விரலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல மேட் பிரிண்டாகப் போட்டு, ஓரத்தில் வெள்ளை விட்டு, ஒரு பெட்டியில் எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். எந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்களோ, ரேட்டை அதற்கு அப்புறம் சொல்லுங்கள்.